துணிக்கொடி ஆன்டெனா

மார்ச் 3

அன்புள்ள சம்பந்திக்கு,

ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவுக்குப் பிறகு நீங்கள் என் முகத்தையே பார்ப்பதில்லை. சரி, எழுதியே சொல்கிறேன். மொட்டைமாடியில் நட்டிருக்கும் உங்கள் ரேடியோ ஆன்டெனாவை மாத முடிவுக்குள் கழற்ற வேண்டுமாம். முப்பத்தொரு பேர் கை தூக்கினார்கள். கட்டடத்தின் அழகு கெடுகிறதாம், லிஃப்ட் நிற்பதே அதனால்தானாம். உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறது என்று தொண்டை வறளச் சொன்னேன், யார் கேட்டார்கள்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உங்கள் மகளை மருமகளாக்கிக்கொண்டு உங்களுக்கே நோட்டீஸ் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி (என்ன செய்ய, செயலாளரும்கூட)


மார்ச் 5

சம்பந்தி அவர்களுக்கு,

லிஃப்ட் நான் குடிவருவதற்கு முன்பே நின்றுகொண்டுதான் இருந்தது. அது கிடக்கட்டும்.

கப்பலில் என்னோடு பதினெட்டு வருடம் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவன், எங்களுக்குச் 'சுருட்டை', இரண்டு நாள் ரயில் தூரத்தில் படுக்கையில் கிடக்கிறான். பக்கவாதம் பேச்சையும் பார்வையையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒரு விரல். தினமும் காலை ஆறு மணிக்கு மகன் அவன் கையருகே ரேடியோவின் தட்டுக் கருவியை வைப்பான். குறுக்கியும் நீட்டியும் தட்டும் மோர்ஸில் அவன் பேசுவான். வீட்டில் வேறு யாருக்கும் அது புரியாது. முதுகு அரிக்கிறது, தலையணை உயரம் என்று அந்த ஆன்டெனா வழியே எனக்குச் சொல்வான். நான் மகனுக்குப் போன் போட்டுச் சொல்வேன். அந்தத் தட்டலைப் போனிலேயே கேட்கலாமே என்பீர்கள். முயன்று பார்த்தோம், போன் அதை இரைச்சல் என்று விழுங்கிவிடுகிறது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழு என்பார்கள். விழுந்துவிட்டேன்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

படித்துவிட்டு உங்கள் சம்பந்தியம்மாள் அழுதாள். நான் விதிப்புத்தகத்தைத் துழாவினேன். மாடியில் வீட்டுக்கு ஒரு துணிக்கொடி கட்டிக்கொள்ளலாம். கயிறா கம்பியா என்று எந்தப் புண்ணியவானும் எழுதவில்லை. ரேடியோவுக்கு நீளமாக ஒரு கம்பி போதுமாமே; ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கம்பியில் ஒரு கொடி கட்டுங்கள், மேலே இரண்டு பழைய துண்டைப் போடுங்கள். நான் எதுவும் எழுதவில்லை, நீங்களும் எதுவும் படிக்கவில்லை.

சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தி,

என்ன காரியம் செய்தீர்கள்! மூன்றாம் மாடி டீச்சரம்மா உங்கள் கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாதா? "எடுங்க அத! சிக்னல் செத்துப்போச்சு!" என்று மாடியே அதிரக் கத்தினீர்களாம். துணிக்கொடியில் துணி போடாதே என்று சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான். இப்போது கமிட்டியில் நானும் கூட்டுக் களவாணி.

ஞாயிறன்று எலக்ட்ரீஷியன் வந்து அந்தக் கம்பியை அறுத்துவிடுவான். உங்கள் பேச்சு ஆறரைக்கெல்லாம் முடிந்துவிடும் என்று மருமகள் சொன்னாள். அதனால் ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அலுத்துப்போய்விட்டது. "நீங்களும் எங்கப்பாவும் சின்னப் புள்ளைங்கள விட மோசம் மாமா" என்கிறாள் அவள்.

சம்பந்தி


ஏப்ரல் 1

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் நேரம் பார்த்துத்தான் ஆளை அனுப்பினீர்கள். குற்றம் சொல்லமாட்டேன். ஞாயிறன்று சுருட்டையின் மகன் அசந்து தூங்கிவிட்டான், ஏழுக்குத்தான் தொடங்கினோம். 'வயிறு' என்று சுருட்டை தட்டினான். அதற்குள் மாடியில் கம்பியை அறுத்துவிட்டார்கள், அதற்குமேல் எதுவும் வரவில்லை. பசிக்கிறது என்றானா, வலிக்கிறது என்றானா, தெரியவில்லை. மகனைப் போனில் கூப்பிட்டு 'வயிறு' என்பதை மட்டும் சொன்னேன். "அப்பா தட்டிக்கிட்டேதான் இருக்காரு, என்ன சொல்றாரு மாமா?" என்று என்னையே கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்பது மணிவரை தட்டினானாம். மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல் அடைப்பு. பிழைத்துவிட்டான், வீட்டுக்கும் வந்துவிட்டான். நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

உங்கள்மேல் கோபப்படப் பார்த்தேன். அதற்கும் தெம்பில்லை. வீட்டுச் சாவி மகளிடம் இருக்கிறது. வேறு யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்லிவிட்டேன். திரும்பி வருவதாக இல்லை.

இன்று ரயில் ஏறுகிறேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இனி என் உள்ளங்கையில் தட்டட்டும்.

உங்கள் சம்பந்தி