இடது பக்கம் திரும்பினால் செத்துப்போகிற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் செத்தது. தெருமுனையில், திரும்பின கையோடு. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, செல்ஃப் பட்டனை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. பேக்கரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

சூப்பர்வைசர் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னொரு தடவை லேட்டுன்னா மதிய ஷிப்ட்டுக்குப் போயிடும்மா."

மதிய ஷிப்ட் என்றால் மகள் பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். எட்டு வயசுப் பிள்ளை ராத்திரி வரைக்கும் யார் வாசலில் உட்காரும்? கம்பெனி வேனை நிறுத்திவிட்டார்கள். முதல் பஸ் வருவதற்குள் முதல் மாவு பிசைந்து முடிந்துவிடும். இந்தச் சனியனை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மார்ச் 5, புதன்

மெக்கானிக் ஃப்யூஸ் டப்பாவைத் திறந்தான். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள், சுருட்டி, கருகி. வண்டி அண்ணன் கொடுத்தது. அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டான் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புது ஃப்யூஸ் போட்டான். ஸ்டாண்டில் நிறுத்தி ஹாரன் அடித்துக் காட்டினான். "பக்காவா இருக்குக்கா. நீங்கதான் எல்லா பட்டனையும் ஒண்ணா அமுக்கறீங்க போல."

நான் என்ன ஆர்மோனியமா வாசிக்கிறேன்?

மார்ச் 6, வியாழன்

செத்தது. நல்லவேளை, காலையில் தெருமுனையில் தப்பித்து, வேலை முடிந்து கேட்டைத் தாண்டித் திரும்பும்போது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "உனக்கு ஓட்டத் தெரியல. என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு மக்கர் பண்ணல. அந்த ஜிகினாவையே சுத்திப் போடு, ஓடும்."

ஓடும். ஒயர் தீப்பிடிக்கிற வரைக்கும் ஓடும். சீட்டுக்கு அடியில் எரிந்தால் உட்கார்ந்திருப்பது யார், இவனா?

மெக்கானிக்கும் அதையேதான் கேட்டான்: "ஜிகினாவையே சுத்தித் தரட்டுமாக்கா?" வேண்டாம் என்றேன். முகத்தைச் சுளித்தான். இவர்களை நினைத்தாலே குமட்டுகிறது.

மார்ச் 7, வெள்ளி

ஆட்டோ. அந்த நேரத்துக்குத் தினமும் வர முடியாது என்று ஆட்டோக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

யோசித்தேன். தெருமுனை, கேட். இரண்டு இடத்திலும் இடது பக்கம், நன்றாக ஒடித்துத்தான் திரும்பினேன். மெக்கானிக் ஒரு தடவையாவது ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தானா? ஸ்டாண்டில் நேராக நிறுத்தியே பரீட்சை வைத்தான்.

புது ஃப்யூஸ் போட்டு சாவியைத் திருப்பினேன். மகளை ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டு ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன். அடித்தது. இடது பக்கம் கடைசி வரைக்கும். டக்கென்று நின்றது.

"அம்மா, நான் ஒண்ணும் பண்ணல," என்றாள் பயந்துபோய். பாவம், பழி நம் தலையில்தான் விழும் என்று அதற்குள் தெரிந்துவைத்திருக்கிறாள்.

ஹெட்லைட்டைக் கழற்றினேன். பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரி ஒரு பெரிய ஹாரனை அண்ணன் மாட்டியிருக்கிறான். அதற்கு இழுத்த ஒயர் நீளம் போதாமல் ஹேண்டில் கழுத்தில் விறைப்பாக நிற்கிறது. திரும்பும்போதெல்லாம் உரசி, தோல் போய், செம்பு பளபளவென்று இரும்பில் படுகிறது. டேப் என்று சுற்றியிருந்தது பிசுபிசுவென்று கையெல்லாம் ஒட்டியது. அழுக்குப் பிடித்த வேலை. தூ.

அந்த ஒயரையும் ஹாரனையும் பிடுங்கி எறிந்தேன். கழற்றாமல் உள்ளேயே கிடந்த பழைய ஹாரனுக்கு இணைப்புக் கொடுத்து, இன்னொரு ஃப்யூஸ் போட்டேன். இடது, வலது, இடது, வலது. கை வலிக்கும்வரை திருப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாவு மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வந்தான். "வண்டி ஜம்முனு ஓடுதாமே. என் புது வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடக்கு. இதை ஒரு மாசம் எடுத்துட்டுப் போறேன்." கேட்கவில்லை, சொன்னான். சாவிக்குக் கையும் நீட்டிவிட்டான்.

"தர மாட்டேண்ணே."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நானே கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்து, என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக மெதுவாப் போ, மெதுவாப் போ என்றே வந்தான்.