ஒரு வில்லை, இரண்டு லாரி

என் வசந்திக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஆய்வகத்தில் உன் நாற்காலியைக் கேட்டு வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டேன். இப்போது உன் பெயருக்கே வந்துவிட்டார்கள். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

நீ கடைசியாகச் சோதித்த லாட் சீனக்களிமண்ணில் இப்போது செய்த பீங்கான் இன்சுலேட்டர்கள் உலரும்போதே விரிசல் விட்டுவிட்டன, சூளை வரைகூடப் போகவில்லை. மேலாளர் கூப்பிட்டார். நம் திருச்சிக்காரர்தான்.

“மண்ணை டெஸ்ட் பண்ணது வசந்திதானே? அவங்கதான் இல்லையே. கவனிக்காம விட்டுட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க கமலா. யாருக்கும் பாதகமில்ல.”

யாருக்கும் பாதகமில்லையாம்! அப்படியானால் நீ யாருமில்லையா?

காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டு லேக் கார்டன்ஸில் உன் வீட்டுக்குப் போனேன். சோதித்த ஒவ்வொரு மண்ணிலும் பிஸ்கட் அளவு வில்லை தட்டி, பின்பக்கம் அந்தச் சரக்கின் லாட் எண்ணைக் கீறி, சுட்டு வீட்டுக்கு எடுத்துப் போவாயே, அதைத் தேடி. உன் வீட்டுக்காரர் பால்கனியைக் காட்டினார். துளசித் தொட்டிக்கடியில் அடுக்கு அடுக்காக இருந்தன.

“ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டா,” என்றார்.

விரிசல் விட்ட மண்ணின் லாட் எண் கீறிய வில்லையும் கிடைத்தது. வெள்ளை வெளேரென்று, மயிரிழை விரிசல் இல்லாமல். கயோலினைட் என்ற கனிமம் நிறைந்த மண்ணைச் சுட்டால் அப்படித்தான் வரும். நீ பார்த்தது நல்ல மண்.

பிறகு விரிசல் எங்கிருந்து வந்தது? கிடங்கில் மிச்சமிருந்த மூட்டையிலிருந்து ஒரு கட்டியைத் தம்ளர் தண்ணீரில் போட்டேன். நல்ல சீனக்களிமண் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் உட்காரும். இது ஊறின ஜவ்வரிசி போல உப்பியது. மான்ட்மோரில்லோனைட் கலந்த மண். தண்ணீரைக் குடித்து வீங்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். அதிலும் ஒரு வில்லை சுட்டேன். ஜாதவ்பூர் முக்கில் நாம் டீ குடிக்கும் மண்குவளை மாதிரி பழுப்பாக வந்தது, இரும்பும் இருக்கிறது. குவளைக்கு அது அழகு, இன்சுலேட்டருக்கு ஆகாது.

ஒரே லாட் எண்ணில் இரண்டு லாரி வந்தது வசந்தி. முதல் லாரி மண்ணைத்தான் நீ சோதித்தாய். இரண்டாவது வந்த அன்று நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். பொறுப்பில் இருந்தவள் நான். ‘ஒரே லாட்தானே, வசந்தி பார்த்தாச்சு’ என்று உன் முடிவையே எடுத்தெழுதி மூட்டைகளை உள்ளே விட்டேன். உன்னைப் பார்க்க வரும் அவசரம். ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை இரண்டு வில்லைகளையும் மேலாளர் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

“உங்க பேர் வந்தா ப்ரமோஷன் போயிடும். தெரியுதா?”

“போகட்டும் சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என்னால ஆகாது.”

“அவங்க வந்து கேக்கப் போறாங்களா?”

“அவ வரமாட்டா சார். அதான் நான் வந்திருக்கேன்.”

நாளை விசாரணை. பயமாகத்தான் இருக்கிறது. உன்மேல் பழி போட்டுப் பிழைப்பதைவிட இந்தப் பயம் எவ்வளவோ மேல். என்மேல் உனக்குக் கோபமா? திட்டுவதானால் திட்டிக்கொள்.

இனி நான் இருக்கும்வரை லாரிக்கு ஒரு வில்லை, இது சத்தியம். அந்தப் பழுப்பு வில்லையை விசாரணை முடிந்ததும் உன் துளசித் தொட்டிக்கடியில் வைப்பேன். அதன் பின்பக்கம் லாட் எண்ணோடு ‘இரண்டாவது லாரி, கமலா’ என்று கீறியிருக்கிறேன். சுடுவதற்கு முன்பே கீறிவிட்டேன். இனி யாராலும் அதை அழிக்க முடியாது.

கூடப் பிறக்காத உன் அக்கா,
கமலா