பட்டறைக் காது

அன்புத் தங்கை குட்டிம்மாவுக்கு, அண்ணன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சிட்டுவும் சுகமாக இருக்க வேண்டும். போனை எடுத்துப் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் எனக்கு இப்போது கொசு ரீங்காரம்தான் கேட்கிறது. நீ பேசுவதை உன் அண்ணி கேட்டு என்னிடம் கத்திச் சொல்ல, தெருவே கேட்கிறது. இந்த விஷயம் தெருவுக்கு வேண்டாம்.

பட்டறை ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டி செய்ய ஆர்டர் வந்திருக்கிறது. தகரம் தட்டுவதை ஆட்களிடம் விட்டுவிட்டேன், அளவு எடுப்பதோடு சரி. குனிந்து நிமிர்ந்தால் தரை ஆடுகிறது. அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே.

தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அது பெரிய காந்தமாம். அங்கிருந்த பெண், தகரப் பட்டறை என்றதும் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கண்ணுக்குள் இரும்புத் தூள் இருந்தால் காந்தம் இழுத்துவிடுமாம். அதனால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே. பிறகு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். டமடமவென்று ஒரே சத்தம், நம் பட்டறையிலேயே படுத்த மாதிரி இருந்தது. பாதியில் கையில் ஊசி மருந்து ஏற்றி மறுபடி எடுத்தார்கள். உள்ளே போகும்போது என்னிடம் கேலி பேசிய பெண், வெளியே வந்தபோது என் செருப்பை எடுத்துக் காலருகில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். காது நரம்பு மூளைக்குள் போகிற இடத்தில், இடப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி. வலப்பக்கமும் ஒன்று, பட்டாணி அளவு. புற்றுநோய் இல்லை, ஆனால் வளரும் என்றார். ஒரு பக்கம் மட்டும் என்றால் யாருக்கும் வரலாம், இரண்டு பக்கமும் என்றால் குடும்ப வழியில் வருவது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க வீட்ல எல்லாருக்குமே பட்டறைக் காது சார், சத்தத்துல போனது என்று மல்லுக்கு நின்றேன். யார் யாருக்கு என்று அவர் பொறுமையாகக் கேட்டார்.

அப்பா, சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்து அத்தை என்று வாய் வரை வந்ததும் நின்றுவிட்டேன். அத்தை எங்கோ தையல் டீச்சராக இருந்தவள், சுத்தியலைத் தொட்டதே இல்லை. அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே காது போய்விட்டது. அப்பா கடைசிக் காலத்தில் தள்ளாடி நடந்தாரே, முதலாளி ஊத்திக்கிட்டு வர்றார் என்று ஆட்கள் சிரித்தார்கள். ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

பெரிய கட்டியை அடுத்த மாதம் எடுக்கிறார்கள். அந்தக் காது அடியோடு போகும், முகம் ஒரு பக்கம் கோணினாலும் கோணுமாம். கோணட்டும், எனக்கு இனிமேல் பெண்ணா பார்க்கப் போகிறார்கள்? என் பயம் அது இல்லை. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது பூவா தலையா போடுகிற மாதிரி என்றார் டாக்டர். நீ பட்டறைச் சத்தமே ஆகாது என்று அந்தப் பக்கமே வராதவள். ஆனால் போன தடவை, இந்த போன் சரியில்ல அண்ணி, ஒரே விசில் அடிக்குது, இருங்க, மறு காதுல வச்சுக்கிறேன் என்றாயாம். அண்ணனுக்கேற்ற தங்கை என்று அன்று சிரித்தோம்.

சிட்டு புது கவுனில் விளையாடுகிற வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். நீ அவளுக்கு இடப்பக்கம் நின்று கூப்பிடுகிறாய். அவள் வலப்பக்கம் திரும்பித் தேடுகிறாள். மறுபடி கூப்பிடுகிறாய், மறுபடியும் அந்தப் பக்கமே. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் படமே ஆடுகிறது. திருட்டுக் கழுதை, வேணும்னே பண்றா என்று நாங்களும் சிரித்தவர்கள்தான். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீக்கிரம் கண்டுபிடித்தால் காதைக் காப்பாற்றப் பார்க்கலாமாம். மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, நீயும் ஸ்கேன் எடுத்துக்கொள், சிட்டுவுக்கும் எடுத்துவிடு. அதற்கு நாள் ஆகும் என்றால், சிட்டு விளையாடும்போது பின்னால் போய், இடப்பக்கம் நின்று, மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பார். நீங்கள் மூவரும் நூறு வயது இருக்க வேண்டும். அவள் உன் பக்கம் திரும்பினாள் என்று ஒரு வரி எழுது அம்மா. போனில் சொல்லி அனுப்பாதே. நான் என் கண்ணால் படிக்க வேண்டும்.

அந்த வரிக்குக் காத்திருக்கும்,
உன் அண்ணன்