டிரம்முக்கு அடியில் இருந்த கம்பி

மச்சான்,

இன்று ரிங்லெட் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் சைட் டிரம் ஒன்று கிடந்தது. பித்தளை உடம்பில் பச்சை பிடித்திருந்தது. விரலால் தட்டினேன், 'தொம்' என்றது. பக்கத்து விசையைத் தூக்கிவிட்டுத் தட்டினேன், 'சர்ர்' என்றது. வாங்குகிறாயா என்று கடைக்காரன் கேட்டான். விசையை இறக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நம் எஸ்டேட் பேண்டில் நீ சைட் டிரம், நான் ஜால்ரா. மேல்தோல் தடிப்பு, அடித்தோல் வெங்காயச் சருகு மாதிரி, அதை ஒட்டிச் சுருள் கம்பிகள். மேலே அடித்தால் உள்ளே இருக்கும் காற்று அடித்தோலை உதைக்கும், தோல் கம்பியை உதறும். விசையை இறக்கினால் கம்பி விலகிவிடும், வெறும் பானைச் சத்தம்தான். பனியில் தோல் தொய்ந்துவிடும் என்று, ஃபேக்டரியில் தேயிலை காயும் அடுப்பருகே வைத்து எடுப்பாய். திருகுகளை எதிரும் புதிருமாக முடுக்குவாய்.

"ரொம்ப இறுக்கினா கம்பி மூச்சு முட்டிச் செத்துரும் லா" என்பாய்.

"இதை உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு திருவிழா. ஊர்வலம் கிளம்புமுன் நீ தண்ணீர் குடிக்கப் போனாய். விளையாட்டுக்கு விசையை இறக்கிவிட்டேன். முதல் அடியிலேயே திரும்பி என் பரம்பரையையே திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டே கோயில் வாசல் வரை அடித்தாய். தொம், தொம். குழல் சத்தத்தில் மற்றவர்கள் கவனிக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இழுத்துப்போய், இறங்கிக் கிடந்த விசையைக் காட்டினேன். நீ அதைத் தூக்கிவிட்டாய்.

"எப்ப இறக்குன?"

"கிளம்புறதுக்கு முன்னாடியே."

"இலை உருட்டுற மெஷின் பக்கத்துல பன்னெண்டு வருசம், மச்சான். தொம் கேக்குது. சர்ர் போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லாத லா. துரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், எஸ்டேட் குடுத்த லைன் வீடும் போயிரும்."

"செவிட்டுப் பயலே, இனிமே உன்னைத் திட்டக்கூட நான் கத்தணுமா?" என்று சிரித்தேன். சத்தியமும் பண்ணினேன்.

அதன்பிறகு நான்தான் உன் காது. நீ திருகை முடுக்குவாய், சத்தம் சரியானதும் நான் தலையாட்டுவேன். வருசத்துக்கு வருசம் உனக்கு இன்னும் கொஞ்சம் போனது. யாருக்கும் தெரியாமல் காப்பாற்றியதில் எனக்குப் பெருமை வேறு.

பனி மூடிய ஒரு காலையில் ஃபேக்டரி வாசலில் இலை லோரி பின்னோக்கி வந்தது. நீ திரும்பவில்லை. நான் ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். உனக்குக் கேட்காது என்று தெரிந்த ஒரே ஆள், நான்.

லோரி உன்மேல் ஏறி, அங்கேயே உன் உயிர் போய்விட்டது. டிரைவர் கோலா தெர்லா ஊர்க்காரன். ஆபீசில் துரை முன்னால் அழுதான்.

"சத்தியமா மூணு தடவை ஹார்ன் அடிச்சேன் ஐயா."

"அடிச்சா அவன் ஏன் நகரல?" என்றார் கணக்கெழுதும் கிராணி. பிறகு என்னைப் பார்த்தார். வாசலில் நின்றவன் நான் ஒருத்தன்தான்.

உன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கதவருகில் நின்றாள். நீ மறைத்தது தெரிந்தால் அவர்களை லைனைவிட்டு விரட்டிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"ஹார்ன் கேக்கலீங்க" என்றேன்.

அன்றே டிரைவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிறகு யாரும் அவன் கையில் லோரி கொடுக்கவில்லை. இப்போது கியா பார்மில் முட்டைக்கோஸ் மூட்டை சுமக்கிறான். போன மாதம் அங்கே என்னை நிறுத்தினான்.

"அண்ணே, ஒருவேளை நான் ஹார்ன் அடிக்கவே இல்லையோ?"

எல்லோரையும் கேலி பண்ணுகிற நான், மூட்டையை அவன் தலையில் ஏற்றிவிட்டு நடந்தேன்.

அடித்தான், மச்சான். மூன்று தடவையும் எனக்குக் கேட்டது.