வகை குறிப்பிடப்படாதது

ஏறாவூர்
09.09.2025

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இரவு நேரத்தில் எழுதுவதைக் குறை நினைக்காதீர்கள். மகள் அம்னா இப்போதுதான் உறங்கினாள். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்திலிருந்து காது கொடுக்கிறார். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

நீங்கள் அனுப்பிய இரத்தம் இளக்கும் மாத்திரை கிடைத்தது. வாப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன். கோபப்படாமல் வாசியுங்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். டொக்டர் எழுதும் நோய்ப் பெயருக்குக் கம்ப்யூட்டரில் குறியீடு போடுவது. பக்கவாதத்துக்கு மட்டும் பல வரிசை. மூளையில் இரத்தக்குழாய் அடைத்தால் ஒன்று, வெடித்துக் கசிந்தால் வேறொன்று. வெறுமனே 'பக்கவாதம்' என்று எழுதி வந்தால் கடைசி வரிசை: 'வகை குறிப்பிடப்படாதது'. போன மாதம் பதிந்த இருபத்தாறு பேரில் பதினேழு பேர் அதற்குள்தான். டொக்டர்மாரிடம் போய்க் கேட்டால், "எல்லாம் ஒண்டுதானே ஹஸீனா, போட்டு முடிங்க" என்கிறார்கள். அந்தப் பதினேழில் நம் வாப்பாவும் ஒருவர். என் கையாலேயே போட்டேன்.

அடைப்பென்றால் உங்கள் மாத்திரை மருந்து. கசிவென்றால் அதுவே ஆளை முடித்துவிடும். எது என்று வெளியில் தனியாரிடம் எடுத்த ஸ்கேன் தாளில் இருக்கும். அதைத்தான் 'அங்க பெரிய டொக்டரிட்ட காட்டுறன்' என்று லீவு முடிந்து போகும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனீர்கள். காட்டினீர்களா?

தங்கச்சி
ஹஸீனா

தோஹா
12.09.2025

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஓவர்டைம் விடுகிறதில்லை, டொக்டரிடம் போகக் கிடைக்கவில்லை. நீ வீட்டையும் ஒஃபிஸ் ஆக்காதே. என் அறையில் இருக்கும் இர்ஷாத்தின் வாப்பா இதே மாத்திரையைக் குடித்து, இப்போது பள்ளிவாசலுக்கு நடந்து போகிறாராம். நீ பயந்துகொண்டே இருப்பாய் என்று, மாத்திரையைக் கொடுக்கும்படி உம்மாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டுச் சொல்லிவிட்டேன். தாள் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஏதோ 'ஹெமரேஜ்' என்று இருக்கிறது, மற்றதெல்லாம் விளங்கவில்லை. அம்னாவுக்கு என்ன சாமான் வேண்டும்?

காக்கா
இல்ஹாம்

ஏறாவூர்
14.09.2025

காக்கா,

ஹெமரேஜ் என்றால் கசிவு. நான் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். நீங்கள் அதை அம்னாவின் சாமானுக்கு முன்னால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

வாசித்ததும் உம்மாவிடம் ஓடினேன். நான் அலமாரியில் ஒளித்த மாத்திரையைக் கண்டெடுத்திருக்கிறார். "மகன் அனுப்பின மருந்து, ரெண்டு நாளாக் குடுத்துத்தான் வாறன். அதுக்கு ஏன் புள்ள முறைக்கிறாய்?"

அம்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டே வாப்பாவை ஓட்டோவில் ஏற்றி வார்டில் சேர்த்தேன். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாகக் கசியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "சும்மா இருந்த என்னை இழுத்துக்கொண்டு வந்திட்டாள்" என்று வாப்பா நேர்ஸிடம் என்னைப் பற்றி முறைப்பாடு வைக்கிறார்.

டொக்டர் இந்த முறை வகையை எழுதித் தந்தார். வாப்பாவைக் கடைசி வரிசையிலிருந்து நானே எடுத்து மாற்றினேன். மற்றப் பதினாறு பேரின் வீட்டுக்கு யார் என்ன மாத்திரை அனுப்புகிறார்களோ தெரியாது.

நீங்கள் இனி மருந்து அனுப்பாதீர்கள், பேரீச்சம்பழம் அனுப்புங்கள். பழைய தாளோடு ஒப்பிட வேண்டுமாம். அதைப் படம் எடுத்து அனுப்பி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஹஸீனா