மூணாவது மாலை

ஆவணி 4, வெள்ளி

காலையிலேயே புழுதிக் காத்து. கடை திறந்தா விதைப் பை மேலெல்லாம் மண். புரட்டாசி விதைப்புக்கு இப்பவே மக்காச்சோளம் கேட்டு ஆள் வர ஆரம்பிச்சாச்சு. உளுந்து இன்னும் லோடு வரல.

நேத்து ராத்திரி மறுபடியும் கிழிஞ்சுட்டு. அதே இடம். ஆணுறுப்புல முன்தோலுக்கு அடியில, நரம்பு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கிற சின்னத் தோல். (முழுசா எழுதக் கூச்சமா இருக்கு.) துணிய வச்சு அழுத்தினேன், ரத்தம் நின்னுட்டு. செல்விகிட்ட வயித்து வலின்னுட்டு எந்திரிச்சுப் போனேன். ஆடிக்கு விளாத்திகுளத்துல அம்மா வீட்டுக்குப் போனவ, இப்பத்தான் திரும்பி வந்திருக்கா. பாவம்.

தையிலதான் கல்யாணம் ஆச்சு. அதுக்குள்ள எத்தன தடவைன்னு எண்ணுறத விட்டுட்டேன். ஆறிட்டுன்னு நெனைப்பேன், திரும்பப் பிச்சுக்கிடும்.

இதுவரைக்கும் பாத்த வைத்தியம்:
மஞ்சளும் தேங்காயெண்ணெயும். எரிச்சல்.
மெடிக்கல்ல படைன்னு பொய் சொல்லி வாங்கின களிம்பு. தோல் இன்னும் மெலிஞ்ச மாதிரி.
உப்புத் தண்ணி. எதிரிக்குக்கூட வேண்டாம்.
மாலை.

கடைசி ஒண்ணுதான் வேலை செய்யுது. பங்குனி உத்திரத்துக்கு ஒண்ணு, வைகாசி விசாகத்துக்கு ஒண்ணு. மாலை போட்டா தனிப் பாய், யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாவ, புண்ணும் ஆறிரும். இன்னைக்கு மூணாவது. ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போறேன்னு சொல்லிட்டேன். செ. பச்ச வேட்டிய எடுத்துக் குடுத்தா. சரி சாமின்னா.

ஆவணி 6

வெயில். முதலாளி ஏலேன்னு ஆரம்பிச்சு, மாலையப் பாத்துட்டு சாமின்னு மாத்திக்கிட்டாரு. கல்யாணம் முடிஞ்ச வருசத்துலயே சாமியாராப் போற ஆள இப்பத்தான் பாக்கேன்னாரு. சிரிச்சு வச்சேன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு. கடைக்குப் பின் தெருதான் வீடு. மாலை போட்ட ஆளு செருப்பு போடக்கூடாது, அதனால நான் வந்தது செ.க்குக் கேக்கல. அடுப்படியில அவ அம்மாகிட்ட போன். "அவிய ஒரு கொறையும் சொல்லலம்மா. சாமி சாமின்னு இருக்காவ. என்னையத்தான் புடிக்கல போல."

சாப்பிடாமலே கடைக்குத் திரும்பிட்டேன். எனக்கு அவளப் புடிக்கலையாம். அவ சொன்ன ஜோக்க நெனைச்சு மூட்டைக்கு நடுவுல தனியா சிரிக்கிற ஆளு நான்.

ஆவணி 7

பீரோ மேல கெடந்த பெரிய பேக் கீழ இறங்கியிருக்கு. வெள்ளிக்கிழமை அத்தை வாராவளாம், கொஞ்ச நாளைக்கு மகளக் கூட்டிட்டுப் போக. ஆடி முடிஞ்சு ஆவணியில புதுப்பொண்ணத் திரும்பக் கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்னு அவியளுக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான் வாராவ.

பயமா இருக்கு. செ. போனா திரும்ப வரமாட்டா. நாளைக்கு டாக்டர்.

ஆவணி 8, செவ்வாய்

சுகர் டெஸ்ட் குடுத்தாச்சு. உளுந்து லோடு வந்தாச்சு.

திருநெல்வேலியில இருந்து வாரம் ஒரு நாள் வர்ற சிறுநீரக டாக்டர். பச்ச வேட்டியும் மாலையுமாப் போய் உக்காந்தேன். பக்கத்துல வேலுச்சாமி அண்ணாச்சி. விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போடுதவரு, நம்ம கடை வாடிக்கை. கிட்னியில கல்லா சாமின்னாரு. நம்ம ஊர்த் தண்ணிக்கு அங்கன உக்காந்திருக்க பாதிப் பேருக்குக் கல்லுதான். ஆமான்னுட்டேன். பொய்யோட பொய். அண்ணாச்சி வாழைத்தண்டு, பார்லின்னு பாடமே எடுத்துட்டாரு.

டாக்டர் சிரிக்கல. அதுவே பாதி வைத்தியம். சொன்னது, மறக்கக்கூடாது:

பிறவியிலேயே அந்தத் தோல் கட்டை. கிழிஞ்சு ஆறினா தழும்பு. தழும்பு விரியாது, அதான் திரும்பத் திரும்ப. தச்ச சாக்கு தையல் ஓரத்துலயே கிழியுற மாதிரியான்னு கேட்டேன், அதேதான்னாரு.
நிறைய பேருக்கு இருக்கு. ஆம்பளைத்தனத்துல ஒரு குறையும் இல்ல.
மஞ்சள், உப்பு, கண்ட களிம்பு நிப்பாட்டு. சோப்பு வேண்டாம். வெறும் தண்ணி, வாசலின்.
வலி போயிட்டா ஆறிட்டுன்னு அர்த்தம் இல்ல. அவசரப்பட்டதுதான் என் தப்பு.
சுகர் இருந்தாலும் முன்தோல் வெடிக்குமாம். எனக்கு இல்ல.
புண் ஆறின பொறவு சின்ன ஆபரேஷன். மரத்துப்போக ஊசி, அன்னைக்கே வீடு. முன்தோல எடுக்கணும்னு அவசியம் இல்ல.

கடைசியா, வீட்ல தெரியுமான்னாரு. மாலையப் பிடிச்சுக்கிட்டே தெரியாதுன்னேன். "ஆபரேஷனுக்குப் பிறகும் பல வாரம் விலகி இருக்கணும். அவங்களுக்குத் தெரியாம அது நடக்காது. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டிட்டு வரணுமாம். எங்க இருந்து? விளாத்திகுளத்துல இருந்தா?

ஆவணி 10

மேகம் கூடிச்சு, கலைஞ்சுட்டு. நான் புதூருக்கு விதை இறக்கப் போன நேரம் பாத்து வேலுச்சாமி அண்ணாச்சி வாழைத்தண்டோட கடைக்கு வந்திருக்காரு. முதலாளி வீட்டக் காட்டி விட்டுட்டாரு.

சாயங்காலம் செ. கையில டம்ளர் நெறைய சாறு. குடிங்க சாமி, கல்லுக்கு நல்லதாம், ஆஸ்பத்திரியில உங்களப் பாத்தாவளாம்னா. அப்புறம் மெதுவா, "கல்லுன்னா கல்லுன்னு சொல்லலாம்ல. அதுக்கு ஏன் மாலை?"

குடிச்சேன். ஒரே துவர்ப்பு. டம்ளரக் கீழ வச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கிழிஞ்சது, களிம்பு, மூணு மாலை, டாக்டர். சுவரப் பாத்துதான் சொன்னேன்.

பொறவு, "இதுக்கா முருகன இழுத்தீங்க"ன்னா. அழுதா. நானும்தான். போர்வையில ரத்தம் பாத்துட்டு, தங்கிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு இத்தன மாசம் நெனைச்சிருக்கா. அவ அம்மாகிட்டக்கூடச் சொல்லல. நல்ல ஜோடி.

"அப்ப எம்மேல கொறை ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல செல்வி."

ஆவணி 11

அத்தை வந்தாவ. முகம் கடுகடுன்னு. வந்தவியள செ. அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவியளுக்குக் கல்லு, ஆபரேஷன் இருக்கு, இப்ப விட்டுட்டு எப்படி வரன்னு அவ சொல்லுதது எனக்குக் கேட்டுது. என்னைய விட நல்லாப் பொய் சொல்லுதா. அத்தைக்கு மனசு எளகிட்டு. முதல்லயே சொல்லக்கூடாதா மாப்பிள்ளன்னு மிச்ச வாழைத்தண்டையும் கூட்டு வச்சுட்டுத்தான் பஸ் ஏறினாவ. இன்னும் எத்தன நாளைக்குத் திங்கணுமோ.

பெரிய பேக் பீரோ மேல ஏறிட்டு.

"ஏங்க, வெந்நி போடவா"ன்னா. மாலை கழுத்துலதான் கெடக்கு, சாமின்னு சொல்லல. மாலைய என்ன செய்யன்னு கேட்டேன். ஒழுங்கா விரதம் இருந்து திருச்செந்தூர்ல போய்க் கழட்டுங்க, நானும் வாரேன், மன்னிப்பு கேக்க ஆளு வேணும்லன்னா.

ஆவணி 15

ஆஸ்பத்திரி. கூட்டம். ஃபேன் ஓடல. செ. பக்கத்துல. வாயத் தொறக்காதீங்க, கேக்க வேண்டியத நான் கேட்டுக்கிடுதேன்னு ஆர்டர். எவ்வளவு நாள் ஆறும், திரும்ப வருமா, அவியளுக்கு ரொம்ப வலிக்குமா. எனக்குக் கேக்கத் தோணாத கேள்வி எல்லாம் அவகிட்ட இருக்கு.

பேரக் கூப்பிடுதாவ. நான் எந்திரிக்குமுன்ன அவ எந்திரிச்சுட்டா.