காது தெரியாத படம்

டோர்ட்மண்ட்
14.10.2007

அன்புள்ள மகள் ஆதிரைக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலையும் என் சீனி வருத்தத்தையும் விட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சுகம், நீயும் அந்தத் தஸ்மேனியாக் குளிரில் சுகமாக இருக்க இங்கே ஹம் நகரத்துக் கோயில் அம்மனை வேண்டியபடி இருக்கிறேன். கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசியில் கதைக்கிற மனிதருக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். தொலைபேசி என்றால் அம்மா பக்கத்தில் இருப்பாள், நான் ஒரு வசனம் முடிக்க முதல் வாங்கிவிடுவாள். இன்றைக்கு அவள் கனகலிங்கத்தார் வீட்டுக்குப் பலகாரம் சுடப் போயிருக்கிறாள், அவருடைய மகளுக்கு வருகிற மாதம் கல்யாணம், பின்னேரம் வரைக்கும் வரமாட்டாள். கடைசியாக நான் கடிதம் எழுதிப் பதினொரு வருடம் ஆகிறது, எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கணினியில் அனுப்பிய படத்தைக் கனகலிங்கத்தார்தான் கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்துத் தந்தார். தேயிலைச் சாயம் போலத் தண்ணீர், அதில் ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவே ஈரமான முதுகும் வாலும். இந்தப் பிளாட்டிபஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததால் ரயில் ஏறிப் போய் ஒரு நூதனசாலையில் பஞ்சடைத்து வைத்திருக்கிற ஒன்றையும் பார்த்துவிட்டு வந்தேன். உடம்பு நீர்நாய், வாய் தாரா வாத்தின் சொண்டு, கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, ஆண்டவன் வேலை முடித்துவிட்டு மிஞ்சியதையெல்லாம் சேர்த்துச் செய்தது மாதிரி. அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கனநாள். நீ போனமுறை சொன்னதையும் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அது தண்ணீருக்குள் போனால் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு சொண்டால் தேடுமாம், உள்ளே இருக்கிற அந்த அரை நிமிடத்தில்தான் நீ கரையில் நாலு அடி எடுத்து வைப்பாயாம், மேலே வந்தவுடன் மூச்சும் விடாமல் அப்படியே நின்றுவிடுவாயாம், பத்து விநாடி மென்றுவிட்டு அது திரும்ப முழுகிவிடுமாம். ஏழு மாதமாக ஒரு பிள்ளை இதையே செய்கிறது என்றால் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பற்றி எனக்குப் பெருமைதான், பிள்ளை. ஆனால் போன மாதம் கரை சரிந்து நீ இடுப்பளவு தண்ணீரில் விழுந்ததை அம்மாவிடம் சொல்லாமல் எனக்கு மட்டும் சொன்னாயே, அன்றையிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஈரச் சப்பாத்தோடு இருக்காதே, இஞ்சி கிடைத்தால் அவித்துக் குடி, தனியாகப் போகிற நாளில் வீட்டுக்காரப் பெண்ணிடம் எந்தப் பக்கம் போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் தொலைபேசியில் என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கும். வடிவாத்தானே எடுத்திருக்கிறாய், பிறகென்ன, வீட்டுக்கு வாவன் என்றாள். அதற்கு நீ, அது சரிவராது அம்மா, சொண்டும் கண்ணும் தெரியவேணும், தெரியாட்டி அந்த மிருகப் படப் புத்தகத்துக்கு எடுக்கமாட்டினம், நான் அதை அழிச்சுப்போட்டன், டிக்கெட்டையும் தள்ளிப்போடப் போறன் என்றாய். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சரிவராது என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டேன். அம்மா நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாள். கோபம் இல்லை.

அண்ணாவைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு, நீங்கள் மூன்று பேரும் என்னிடம் வருவதற்கு நான் இங்கே விண்ணப்பம் போட்ட நேரம், சுகிர்தன் உன்னையும் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்ப் படம் எடுத்தானே, உனக்குப் பதினொரு வயது, நினைவிருக்கலாம். உங்கள் எல்லோருடைய படமும் எனக்கு வந்து சேர்ந்தது. உன்னுடையதும் அம்மாவுடையதும் நல்லது. அவனுடைய தலைமயிர் காதை மூடியிருந்தது. அதற்கு முந்தின வருடம் என்னுடைய படத்தைக் காது தெரியவில்லை என்று இங்கே நகரசபையின் குடிவரவுக் கந்தோரில் திருப்பித் தந்திருந்தார்கள், அந்த நினைப்பில் நான் அவனுக்கு எழுதினேன், இந்தப் படம் சரிவராது, கந்தோரில் கேட்கிறார்கள், தலைமயிரை வெட்டிக் காது தெரிய இன்னொன்று எடுத்து அனுப்பு என்று. உனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம், அவன் தனியாகப் போனான். வழியில் இராணுவக் காவலரணில் அவனைச் சைக்கிளிலிருந்து இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாததைத்தான் எழுத வந்தேன். கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லை, பிள்ளை. நான் அந்தப் படத்தை அவர்களிடம் காட்டவே இல்லை. அவன் இருமுறை யோசிக்காமல் போக வேண்டும் என்பதற்காகக் கந்தோரின் பெயரைப் போட்டு எழுதினேன். நீங்கள் இருவரும் வந்து சேர்ந்த மாதம் அதே படத்தைக் கொண்டுபோய் அங்கே இருந்த பெண்ணிடம், இப்படி ஒன்று தந்திருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, முகம் தெரிகிறதே, இது போதும் என்றாள்.

எங்கள் முன்னறையில் பெரிதாக்கி மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அதைத் தவிர அவனுடைய வளர்ந்த முகம் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. அம்மா அதற்குப் பூ வைக்க விடமாட்டாள், தூசி மட்டும் துடைப்பாள். இந்த வருடங்கள் எல்லாம் அவள் அந்தக் கந்தோரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். நகரசபையிலிருந்து கடித உறை வந்தால் தொடமாட்டாள். குடியுரிமைக்கு விண்ணப்பிப்போம் என்று நான் கேட்கிற நேரமெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: “அவையள் கேட்ட படத்துக்குத்தானே என்ர பிள்ளை போனவன், அவையளிட்டை நான் கையெழுத்து வைக்கமாட்டன்.” நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பேன். அப்படி இருந்தே கிழவனாகிவிட்டேன்.

நீ சரியான படத்துக்காக இன்னும் ஒரு வருடம் அந்த ஆற்றங்கரையில் படுத்திருக்கப் போகிறாய் என்றால் அந்தப் பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் தொழிலில் எது சரி எது பிழை என்று சொல்ல எனக்கு அறிவு இல்லை. ஆனால் எடுத்தது போதும், மகள். முதுகும் வாலும் தெரிகிறது, அது அங்கே இருந்தது என்று தெரிகிறது. டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இப்படி நினைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன், இந்தமுறை உனக்கு எழுதிவிட்டபடியால் தப்ப ஏலாது. அவள் என்னை என்ன செய்தாலும் அது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வருகிற நாட்களில் அவளுக்கு ஒரு பிள்ளையாவது பக்கத்தில் இருக்க வேண்டும், என் கை அவளுக்கு ஆகாது.

அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் கால் பத்திரம். இனி எடுக்கிற படம் எதையும் அழிக்காதே. டிசம்பர் இருபதாம் திகதி பிராங்பேர்ட் விமான நிலையத்தில் நான் நிற்பேன். அம்மாவும் நிற்பாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மட்டும் நின்றால் ஒன்றும் கேட்காதே, உன் பையை மட்டும் என்னைத் தூக்க விடு.

இப்படிக்கு உன் அப்பா,
வே. பரராசசிங்கம்